201 இலக்க எண்ணின் 23-ஆம் மூலத்தைச் சகுந்தலா தேவி மனக்கணக்காகச் சொன்னது எப்படிச் சாத்தியம்?

1977-இல் டல்லாஸின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் 50 நொடியில் அவர் சொன்ன விடை 546372891. 23-ஆம் மூலம் என்பது, 23 தடவை எழுதிப் பெருக்கினால் கொடுத்த எண்ணைத் தரும் எண். அது முழு எண் என்றால் கொடுத்த எண்ணின் அமைப்பே நிறையக் காட்டிக்கொடுத்துவிடும். 201 இலக்கம் என்றாலே விடை சுமார் 49.6 கோடிக்கும் 54.8 கோடிக்கும் நடுவேதான். விடையின் கடைசி இலக்கமும் சும்மா கிடைக்கும்: கொடுத்த எண் 2-இல் முடிந்தால் விடை 8-இல் முடியும், 8 என்றால் 2; 3-ம் 7-ம் அதேபோல் இடம் மாறும், மற்றவை அப்படியே.

கனமூலத்துக்கும் இதே விதிதான். 195112-ஐ எடுங்கள். 2-இல் முடிகிறது, ஆக 8. கடைசி மூன்று இலக்கத்தை மறைத்தால் 195. அது 125-க்கும் (5-இன் கனம்) 216-க்கும் (6-இன் கனம்) இடையில், ஆக முதல் இலக்கம் 5. விடை 58. எந்த முழு எண்ணின் கனமும் அல்லாத 195113 கொடுத்தால் இதே வழி கூசாமல் 57 என்று பொய் சொல்லும்!

23-ஆம் மூலத்தில் விடையின் நடு இலக்கங்களில்தான் உழைப்பு. 1980-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இரண்டு 13 இலக்க எண்களை 28 நொடியில் பெருக்கினாரே, அதற்கு இப்படிக் குறுக்குவழி இல்லை. என் கணக்கில் அதுதான் பெரிது.