அடங்காத எதிர்ப்பாற்றல்: குழந்தை நோய் எதிர்ப்பியல் மருத்துவரிடம் சில கேள்விகள்

கேள்வி (ஆறு வயதுச் சிறுவனின் தாய்): என் மகனுக்கு முதலில் ரத்தத் தட்டணுக்கள் குறைந்தன. பிறகு சிவப்பணுக்கள் சிதைந்தன. இப்போது நாட்பட்ட வயிற்றுப்போக்கு. அடிக்கடி நிமோனியாவும் வருகிறது. எதிர்ப்புச் சக்தி குறைவு என்கிறார் ஒரு மருத்துவர். அது மிகுந்துபோய் உடலையே தாக்குகிறது என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி, டாக்டர்?

பதில்: இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம், அம்மா. கிருமியைத் தாக்கும் அணுக்களைப் போலவே, அவற்றை உரிய நேரத்தில் அடக்குவதற்கென்று ஒழுங்குபடுத்தும் டி செல்களும் நம் உடலில் உள்ளன. இந்த அடக்கும் ஏற்பாட்டில் பிறவியிலேயே பிழை இருந்தால், தாக்கும் அணுக்கள் குடலையும் ரத்த அணுக்களையும் பகையாகக் கருதுகின்றன. கூடவே பி செல்களும் முறையாக முதிராமல் போவதால், கிருமிகளுக்கு எதிரான ஆன்டிபாடிகள் குறைந்து நிமோனியா வருகிறது. ரத்தவியல், குடலியல், நுரையீரலியல் என மூன்று கோப்புகளில் பிரிந்து கிடப்பது ஒரே நோயாக இருக்கக்கூடும் என்பதால், மூன்றையும் ஒரே மருத்துவர் சேர்த்துப் படிக்கும்படி கேளுங்கள். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் டானிக்குகளைத் தயவுசெய்து கொடுக்க வேண்டாம்.

கேள்வி (குழந்தை மருத்துவ முதுநிலை மாணவர்): எந்த அறிகுறிகளைக் கண்டால் இந்நோய்களைச் சந்தேகிக்க வேண்டும்?

பதில்: ஒரே குழந்தைக்கு இரண்டாவது தன்னுடல் தாக்கு நோய் வரும்போதே சந்தேகம் எழ வேண்டும். ஆண் சிசுவுக்குச் சர்க்கரை நோய், கடும் வயிற்றுப்போக்கு, தோல் அழற்சி ஆகியவை சேர்ந்து வந்தால் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் உருவாகத் தேவையான ஃபாக்ஸ்பி3 மரபணுவை நினைக்க வேண்டும். மாதக்கணக்கில் வடியாத நெறிக்கட்டியும் வீங்கிய மண்ணீரலும் இருந்து, வைட்டமின் பி12 அளவும் காரணமின்றி உயர்ந்திருந்தால், வேலை முடிந்த எதிர்ப்பணுக்களை மடியச் செய்யும் ஃபாஸ் மரபணுவின் பிழையை நினைக்க வேண்டும்.

சிரைவழி இம்யூனோகுளோபுலினோ (தானம் பெற்ற ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடிகள்), பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் மருந்தோ செலுத்துவதற்கு முன்பே, இம்யூனோகுளோபுலின் அளவுக்கும், டி, பி செல்கள் அடங்கிய லிம்ஃபோசைட் வகைப் பரிசோதனைக்கும் ரத்தம் எடுத்து வைத்துவிடுங்கள். செலுத்திய பின் வரும் எண்களில் குழந்தையுடையது எது, மருந்தால் வந்தது எது என்று பிரிக்க முடியாது. அவசரத்தில் மிக எளிதாக விடுபட்டுப்போவது இதுதான். காய்ச்சல் தணியாமல், ரத்த அணுக்கள் சரிந்து, இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் ஏறி, ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் இறங்கினால், அது ரத்த அணு விழுங்கல் நோய்க்குறியாக, அதாவது மிதமிஞ்சித் தூண்டப்பட்ட எதிர்ப்பணுக்கள் சொந்த ரத்த அணுக்களையே விழுங்கும் நிலையாக இருக்கலாம். அங்கே மரபணு அறிக்கைக்காகக் காத்திருந்து சிகிச்சையைத் தள்ளிப்போடுவது உயிருக்கே ஆபத்து.

கேள்வி (ஒரு தந்தை): மரபணுவின் பெயர் தெரிந்துவிட்டால் சிகிச்சை மாறுமா, அல்லது அது உங்கள் ஆராய்ச்சிக்கு மட்டும் பயன்படுமா?

பதில்: கேட்க வேண்டிய கேள்விதான், ஐயா. பல நோய்களில் சிகிச்சையே மாறிவிடுகிறது. சிடிஎல்ஏ4 என்ற அடக்கும் புரதம் பாதியளவே உண்டாகும் குழந்தைக்கு, அப்புரதத்தின் ஒரு பகுதியைக் கொண்டே செய்யப்பட்ட அபாடசெப்ட் மருந்தைத் தரலாம். எல்ஆர்பிஏ என்ற புரதத்தின் குறைபாடு வேறு மரபணுவைச் சேர்ந்தது என்றாலும், சிடிஎல்ஏ4 செல்லுக்குள் சிதைந்துவிடாமல் காப்பது எல்ஆர்பிஏ என்பதால், அதற்கும் இதே மருந்து உதவுகிறது. பிஐ3கே டெல்டா என்ற நொதி ஓயாது இயங்கும் நோய்க்காக லெனியோலிசிப் என்ற மாத்திரைக்கு, 12 வயது நிரம்பியவர்களுக்கென, 2023இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஃபாஸ் பிழை உள்ள குழந்தைக்கு, எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் சிரோலிமஸ் மருந்து நன்கு வேலை செய்கிறது. மண்ணீரலை அகற்றுவதைக் கூடியவரை தவிர்க்கிறோம், ஏனெனில் அதன்பின் வரும் ரத்த நச்சுத்தொற்று உயிரைப் பறிக்கக்கூடும்.

ஆனால் அறிக்கையில் பொருள் தெளிவற்ற மாற்றம் என்று எழுதியிருந்தால், அதை நோயறிதலாகக் கொள்ளக்கூடாது. அந்த மாற்றம் புரதத்தை உண்மையில் கெடுக்கிறதா என்று குழந்தையின் செல்களிலேயே சோதிக்க வேண்டும். பல்கலைக்கழக மருத்துவமனையின் ஆய்வகம் இங்கேதான் தேவைப்படுகிறது. சிடிஎல்ஏ4 பிழையைச் சுமக்கும் பெற்றோரே நோயின்றி வாழ்வதும் உண்டு. அதில் யாருடைய குற்றமும் இல்லை.

கேள்வி: இத்தகைய குழந்தைக்குத் தடுப்பூசி போடலாமா?

பதில்: செயலிழக்கச் செய்த கிருமிகளாலான தடுப்பூசிகளைப் பொதுவாகப் போடலாம், விளைவு மட்டும் குறையக்கூடும். பி.சி.ஜி., வாய்வழிப் போலியோ, தட்டம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை, குழந்தையின் டி செல் நிலையையும் உட்கொள்ளும் மருந்துகளையும் அறிந்த மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. வீட்டிலுள்ள மற்றவர்கள் தங்கள் தடுப்பூசிகளை முடித்திருப்பது பெரிய பாதுகாப்பு.

கேள்வி (ஒரு தாய்): எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்தால் முழுமையாகக் குணமாகுமா? இப்போது மருந்தால் நன்றாக இருக்கும் குழந்தையை எதற்காக ஆபத்துக்கு உட்படுத்த வேண்டும்?

பதில்: நான் மிக அதிகமாகத் தயங்கும் முடிவு இது. ஃபாக்ஸ்பி3 நோயிலும், தொற்றுற்ற செல்களைத் துளைத்து அழிக்க உதவும் பெர்ஃபோரின் புரதத்தின் குறைபாட்டிலும் நிலையான தீர்வுக்கு மாற்று சிகிச்சையையே நாடுகிறோம். சிடிஎல்ஏ4, எல்ஆர்பிஏ குறைபாடுகளில் மருந்தாலேயே ஆண்டுக்கணக்கில் ஓட்ட முடிகிற குழந்தைகள் இருப்பதால், வழி அவ்வளவு நேரானதன்று. மாற்று சிகிச்சையால் உயிரிழப்பும், தானம் பெற்ற அணுக்கள் குழந்தையின் உடலையே தாக்கும் நிலையும் நேரலாம். காத்திருப்பதும் இலவசமன்று: கணையத்தின் இன்சுலின் செல்கள் அழிந்தபின் மாற்று சிகிச்சை வெற்றி பெற்றாலும் சர்க்கரை நோய் நீங்காது, நுரையீரல் தழும்பும் மறையாது. ஆகவே குழந்தை நன்றாக இருக்கும் காலமே இதைப் பேசத் தக்க காலம் என்பது என் கருத்து. உடன்பிறந்தவர் பொருத்தமானவராக அமைந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் அவரிடம் அதே மரபணுப் பிழை இல்லை என்று உறுதி செய்த பின்னரே தானம் பெற வேண்டும்.

கேள்வி (மருத்துவக் கல்லூரி மாணவி): நோயாளியைப் பார்ப்பது, ஆராய்வது, கற்பிப்பது மூன்றும் ஒருவருக்குச் சாத்தியமா? ஆராய்ச்சி ஆர்வம் குழந்தையின் நலனுக்குக் குறுக்கே வராதா?

பதில்: வரக்கூடும்; அதனால்தான் எல்லைகளை முன்கூட்டியே வகுத்துக்கொள்கிறேன். ஆராய்ச்சிக்கென்று தனியாக ஊசி குத்துவதில்லை. சிகிச்சைக்கு ரத்தம் எடுக்கும்போதே, எடைக்கேற்ற வரம்புக்குள், சில மில்லிலிட்டர் கூடுதலாக எடுக்கிறோம். பெற்றோரின் சம்மதத்தோடு, விவரம் அறிந்த குழந்தையின் இசைவையும் கேட்கிறோம், முடிவு வர ஆண்டுகள் ஆகலாம் என்பதையும் மறைப்பதில்லை. இத்துறையில் நோயாளியும் ஆய்வகமும் பிரிந்திருந்ததே இல்லை: நோயுற்ற ஒரு எலி வகையிலும், அதே நிலையில் பிறந்த ஆண் குழந்தைகளிடமும் ஃபாக்ஸ்பி3 பிழை இருப்பது 2001இல் தெரியவந்தது, அந்தக் கண்டுபிடிப்புக்காக மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் ஆகியோரும், ஒழுங்குபடுத்தும் டி செல்களை அடையாளம் கண்ட ஷிமோன் சகாகுச்சியும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): என் வகுப்பில் இப்படி ஒரு மாணவி இருக்கிறாள். அவளைத் தனியே அமர வைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். வகுப்பில் யாருக்காவது சின்னம்மையோ தட்டம்மையோ வந்தால் அன்றைக்கே பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளி முடியும் வரை காத்திராமல் வீட்டுக்கு அழைத்துச் சொல்லுங்கள். மற்றபடி அவள் எல்லோரோடும் விளையாடட்டும்.