அத்திவாரக் கிடங்கில் பானை ஓடு வந்தால்

கேள்வி: யாழ்ப்பாணத்தில், கந்தரோடைப் பக்கம் எங்கள் வளவில் அத்திவாரம் வெட்டும்போது மூன்றடி ஆழத்தில் பானை ஓடுகள் வந்தன. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. பச்சை பிடித்த நாணயம் ஒன்றும் இருந்தது. கழுவி எடுத்து வைக்கலாமா? ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தால் எத்தனை வருடம் என்று சொல்லிவிடுவார்களா?

பதில்: கழுவ வேண்டாம். அந்த மூலையில் வேலையையும் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

முதலில் ஆய்வுகூட விஷயம். கார்பன் முறையில் களிமண்ணுக்கு வயது பார்க்க முடியாது. ஒரு காலத்தில் உயிரோடிருந்த பொருளுக்குத்தான் அது பொருந்தும்: கரி, எலும்பு, விதை. உயிர் போனபின் அதிலுள்ள கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் குறைந்துகொண்டே போகும். 5730 ஆண்டில் பாதியாகும். எஞ்சியதை அளந்துதான் வயதைக் கணக்கிடுகிறார்கள். உங்கள் ஓட்டின் உள்பக்கத்தில் அடிப்பிடித்த சோறோ கூழோ கருகி ஒட்டியிருந்தால் அதற்கு வயது பார்க்கலாம். தேங்காய்த் தும்பு போட்டு உரஞ்சினால் அதுதான் முதலில் போகும். பானை எப்போது சுடப்பட்டது என்பதைக் கணிக்க வெப்ப ஒளிர்வு முறை இருக்கிறது: சுட்ட நாளிலிருந்து ஓட்டில் சேர்ந்த கதிர்வீச்சின் தடத்தை, அதைச் சூடாக்கும்போது வரும் மெல்லிய ஒளியைக் கொண்டு அளப்பார்கள். அதற்கும் ஓடு மட்டும் போதாது, அது கிடந்த இடத்து மண்ணும் வேண்டும். அந்த மண்ணிலிருந்து ஓட்டுக்குள் ஏறிய கதிர்வீச்சையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நிறத்தை மட்டும் வைத்தும் காலம் சொல்ல முடியாது. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது உள்ளே காற்றுப் போகாத பக்கம் கறுக்கும், வெளிப்பக்கம் சிவக்கும். இந்த வகைப் பானை பல நூற்றாண்டு புழங்கியது. 1970-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் கந்தரோடையில் அகழ்ந்தபோதும் இது கிடைத்தது. எந்த மண் அடுக்கில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதைப் பார்த்துத்தான் காலத்தை நெருங்க முடியும். 1980-இல் யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் கிடைத்த சிறு முத்திரையை நினைத்துப் பாருங்கள். ஒரு வரியில் பிராமி என்ற பண்டை எழுத்து, இன்னொரு வரியில் குறியீடுகள். பெருங்கற்கால (இரும்புக் காலத்து) புதைகுழியில், எலும்புக்கூட்டோடு அது இருந்ததால்தான் எந்த மக்களுடையது என்று பேச முடிகிறது. அதே முத்திரை யாரோ ஒருவரின் அலுமாரியிலிருந்து வந்திருந்தால் பாதிக் கதை போயிருக்கும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. தோட்டத்துக்கும் பள்ளக் காணி நிரவவும் வேறு இடத்துச் செம்மண்ணை டிராக்டரில் ஏற்றி வந்து கொட்டுகிறோம். ஓடும் அந்த மண்ணோடு வந்திருக்கலாம். அதனால் உங்கள் வளவு மண் அந்த இடத்து மண்தானா, கொட்டிய மண்ணா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஆய்வாளர் வந்தால் அவருடைய முதல் கேள்விகளில் இது இருக்கும்.

நாணயத்துக்குப் புளி போடாதீர்கள். குத்துவிளக்கு மினுக்குவது போல மினுக்கிவிடலாம் என்று தோன்றும். ஆனால் செம்பு அரித்து உண்டான அந்தப் பச்சைப் படலத்தில்தான் பல சமயம் எழுத்தின் வடிவம் தங்கி நிற்கிறது. புளியின் அமிலம் அதைத் தின்றுவிடும். காகிதத்தில் மடித்து, ஈரம் படாமல் வைத்தால் போதும்.

இன்று நீங்கள் செய்யக்கூடியது: கிடங்கின் சுவரைப் படமெடுங்கள். பக்கத்தில் அடிமட்டம் ஒன்றைச் சாய்த்து வைத்து எடுத்தால் அளவு தெரியும். மண்ணின் நிறம் எந்த ஆழத்தில் மாறுகிறது, ஓடு எந்த ஆழத்தில் வந்தது, வடக்கு எந்தப் பக்கம் என்று ஒரு கொப்பியில் குறியுங்கள். எடுத்த ஓடுகளை மண்ணோடு ஒரு பையில் போட்டு, இடத்தை எழுதி உள்ளே வையுங்கள். சுவரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பவற்றைப் பிடுங்க வேண்டாம்.

அப்புறம் தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். இலங்கையின் 1940-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அனுமதியில்லாமல் தொல்பொருள் தேடி அகழ்வது குற்றம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத்துறைக்கும் சொல்லி வையுங்கள். மனித எலும்பு போல ஏதும் தென்பட்டால் தொடாமல் பொலிசுக்கு அறிவியுங்கள். பழையதா அண்மையதா என்பதை நாமாக முடிவு செய்யக் கூடாது.

காணி போய்விடுமோ என்ற பயத்தில் ஓடுகளை இரவோடிரவாகக் கிணற்றடியில் கொட்டியவர்களை எனக்குத் தெரியும். பயம் புரிகிறது. ஆனாலும் கொட்டுவதற்கு முன் படமாவது எடுத்திருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் மனம் அடித்துக்கொள்கிறது. உங்கள் கிடங்கின் சுவர் இன்னும் அப்படியே நிற்கிறது. மழை வருவதற்குள் ஒரு தறப்பாள் போட்டு மூடி வையுங்கள்.