நாவலில் துப்பாக்கி, வரலாற்றில் ஆரஞ்சுப் பழம்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்த மாதம் இரண்டாம் உலகப்போர் நாவல் ஒன்றைப் படித்தோம். ஜெர்மானியர் பிடித்துக்கொண்ட பிரான்ஸில், சுட்டு வீழ்த்தப்பட்ட நேச நாட்டு விமானிகளை ஓர் இளம்பெண் பிரனீஸ் மலை தாண்டி ஸ்பெயினில் சேர்க்கும் கதை. நண்பர்களின் கேள்விகளுக்கு, வட்டத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை எழுதிய பதில்கள் இவை.

கேள்வி: டீச்சர், இப்படி ஒரு பெண் உண்மையிலேயே இருந்தாரா?

இருந்தார். பெயர் ஆந்த்ரே த யோங். பிரஸ்ஸல்ஸை ஒட்டிய ஸ்கார்பேக்கில் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகள். விளம்பர ஓவியம் வரைந்துகொண்டிருந்தவர். 1941 ஆகஸ்டில், 24 வயதில், ஸ்பெயினின் பில்பாவோ நகரிலிருந்த பிரிட்டிஷ் தூதரக அலுவலகத்தில் போய் நின்றார். கூடவே ஒரு ஸ்காட்லாந்துச் சிப்பாய், இரண்டு பெல்ஜியர்கள். இந்தச் சின்னப் பெண்ணா இவர்களைப் பெல்ஜியத்திலிருந்து கூட்டிவந்தாள் என்று அதிகாரிகள் நம்பவில்லை. ஜெர்மானியர் அனுப்பிய ஆளோ என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். பிறகு நம்பி உதவ முன்வந்தபோது, செலவுக்குப் பணம் போதும், நடத்துவது நாங்கள்தான் என்று சொல்லிவிட்டார். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. அவர் அமைத்த பாதைக்கு ‘கோமெட்’, அதாவது வால்நட்சத்திரம் என்று பெயர் வந்தது. அவர் நேரில் அழைத்துச் சென்றவர்கள் மட்டும் 118 பேர்.

கேள்வி: நாவலில் வருவதுபோல் துப்பாக்கிச் சண்டையெல்லாம் நடந்ததா?

துப்பாக்கியை மறந்துவிடுங்கள். வேலையில் பெரும்பகுதி சாப்பாடும் துணிமணியும்தான். ஒளிந்திருப்பவனுக்கு ரேஷன் அட்டை கிடையாது. அவன் வயிற்றுக்கும் சேர்த்து கள்ளச் சந்தையில் வாங்க வேண்டும். ஆறடி அமெரிக்கனுக்குப் பொருந்தும் கால்சட்டைக்கு எங்கே போவது? தெருவில் கால்சட்டைப் பைக்குள் கைவிட்டு நடக்காதே, முள்கரண்டியை வலக்கைக்கு மாற்றாதே என்று சொல்லித்தர வேண்டும். ரயிலில் ஏறும்போது ஆரஞ்சுப் பழம் கொடுப்பார்கள். யாராவது பேச்சுக் கொடுத்தால் உடனே தின்னத் தொடங்கிவிட வேண்டும். வாய் நிறையப் பழத்தோடு இருப்பவனிடம் யார் பதில் எதிர்பார்க்கப் போகிறார்கள்!

கேள்வி: பனிமலையில் நடந்து போகும் அத்தியாயம் உடல் நடுங்க வைத்தது. அவ்வளவு கடினமா?

கடினம்தான், ஆனால் பனி ஆசிரியரின் கைவரிசை. கோமெட் பாதை கடலோரம், மலை தாழ்ந்து இறங்கும் பக்கத்தில் இருந்தது. வழிகாட்டி ஃபுளோரென்டினோ பாஸ்க் இனத்துக் கடத்தல்காரர். இருட்டிலும் ஒற்றையடிப் பாதை தெரிந்தவர். கயிற்று அடி வைத்த செருப்போடு இரவெல்லாம் நடக்க வேண்டும். உண்மையான எமன் எல்லையில் ஓடும் பிடாசோவா ஆறு. மழை பெய்தால் இறங்க முடியாது. 1943 டிசம்பரில் இரண்டு பேரை அடித்துக்கொண்டு போனது.

கேள்வி: பிடிபட்டால் பெண்களுக்குத் தண்டனை குறைவு என்று கேள்விப்பட்டேனே?

காகிதத்தில் அப்படித் தோன்றும். விமானிகளுக்கு உதவும் ஆண்கள் சுடப்படுவார்கள், பெண்கள் ஜெர்மனியிலுள்ள வதைமுகாம்களுக்கு அனுப்பப்படுவார்கள் என்று 1941இல் அறிவிப்பு ஒட்டினார்கள். அந்த முகாம்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதைப் பார்த்தால் சலுகை என்று சொல்ல வாய் வராது. 1943 ஜனவரியில் உருன்யே ஊரின் பண்ணைவீடு ஒன்றில் ஆந்த்ரே பிடிபட்டார். விசாரணையில், தலைமை நான்தான் என்று உண்மையையே சொன்னார். ஜெர்மானியர் நம்பவில்லை! பில்பாவோவில் அவருக்கு எதிராக நின்ற அதே அவநம்பிக்கை இங்கே அவர் உயிரைக் காத்தது. அவருடைய அப்பாவை 1944 மார்ச்சில் சுட்டுக் கொன்றார்கள்.

கேள்வி: போருக்குப் பிறகு?

ராவென்ஸ்புரூக், மௌத்ஹவுசன் முகாம்களைத் தாண்டி உயிரோடு திரும்பினார். காங்கோ, எத்தியோப்பியா முதலிய நாடுகளில் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்தார். 2007இல் காலமானார்.

கேள்வி: நாவல் விட்டுவிட்ட ஒருவரைச் சொல்லுங்கள் என்றால்?

அந்தப் பண்ணைவீட்டுக்காரி, ஃபிரான்ச்சா உசாண்டிசாகா. கணவரை இழந்தவர், மூன்று பிள்ளைகள். ஆறு பெருகியதால் அன்று மலையேற முடியாமல் அவர் வீட்டில் காத்திருந்தபோதுதான் ஆந்த்ரேயும் மூன்று விமானிகளும் சிக்கினார்கள். ஃபிரான்ச்சாவையும் ராவென்ஸ்புரூக்குக்கு அனுப்பினார்கள். அவர் திரும்பவில்லை. நம் நாவலில் அப்படிப்பட்ட வீட்டுக்காரி கதவைத் திறக்கிறாள், சூப் ஊற்றுகிறாள், அடுத்த பக்கத்தில் காணாமல் போகிறாள். அவளுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை.