பெரிய இழப்புக்குப் பிறகும் மன்னித்த ஒருவரின் விசுவாசம் உங்களைத் தொட்டிருக்கிறதா?

தொட்டிருக்கிறது. சிஸ்டர் செல்மி பால். கேரளத்துக்கு வெளியே பலருக்கு இவரைத் தெரியாமல் இருக்கலாம், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

இவருடைய அக்கா சிஸ்டர் ராணி மரியா. பெரும்பாவூர் பக்கம் புல்லுவழியில் 1954-ல் பிறந்தவர். அக்கா தங்கை இருவரும் ஒரே பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபைக் கன்னியர். மத்தியப் பிரதேசத்தில் ஏழைப் பழங்குடி மக்களை வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து மீட்க ராணி மரியா பாடுபட்டார். அது சிலருக்குப் பொறுக்கவில்லை. 1995 பிப்ரவரி 25-ல் இந்தூர் போகும் பேருந்தில், அத்தனை பயணிகள் கண் முன்னால், சமந்தர் சிங் என்ற இளைஞர் அவரைக் குத்திக் கொன்றார். உடம்பில் 54 காயங்கள். வயது 41.

2002 ஆகஸ்டில் செல்மி பால் சிறைக்குப் போய் அதே சமந்தர் சிங்கின் கையில் ராக்கி, அதாவது சகோதர உறவைக் குறிக்கும் கயிறு, கட்டினார். தம்பி என்று ஏற்றுக்கொண்டார். அந்தக் குடும்பம் அவருடைய விடுதலைக்கும் ஆதரவாக நின்றது. 2006-ல் வெளியே வந்தவர் அடுத்த ஆண்டே புல்லுவழி வீட்டுக்கு வந்து, மகளை இழந்த அந்தத் தாயைப் பார்த்தார். 2017 நவம்பரில் இந்தூரில் ராணி மரியா அருளாளராக (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) உயர்த்தப்பட்டபோதும் சமந்தர் சிங் அங்கே இருந்தார்.

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், எங்கள் வீட்டிலும் ஒரு சாவு நடந்தது. ஊர் கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டின் கிழக்கு எல்லை. சுல்தான்பேட்டை மறைமாவட்டத்தில் எங்களைப் போலத் தமிழ் பேசும் கத்தோலிக்கர்கள் நிறையப் பேர். பொள்ளாச்சி ரோட்டில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவர் என் தம்பியை மோதிவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே அவன் போய்விட்டான்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். “போனது போச்சு, அவங்களும் நம்ம ஊர்க்காரங்கதானே, மன்னிச்சு விடுங்க, கேஸ் எதுக்கு” என்றார்கள். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து, கர்த்தர் கற்பித்த செபத்தில், பிறரை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்று கேட்கும் வரி வந்தால் அம்மாவின் வாய் அசையாது. கோயிலுக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. விசுவாசம் போய்விட்டது என்று சிலர் பேசியபோது எனக்கு வயிறு எரிந்தது. விசுவாசம் இருப்பதால்தான் அம்மாவால் அந்த வரியைப் பொய்யாகச் சொல்ல முடியவில்லை.

செல்மி பாலின் கதையில் நான் பிடித்துக்கொண்டது நடுவில் இருக்கும் அந்த ஏழு வருடங்களைத்தான். கொலை 1995-ல், ராக்கி 2002-ல். அடக்கத்தன்று யாரும் அவர் கையில் ராக்கியைத் திணிக்கவில்லை. வழக்கு நடந்தது, ஆயுள் தண்டனை விழுந்தது, சமந்தர் சிங் சுமார் பதினோரு வருடம் சிறையில் இருந்தார். மன்னிப்பு அந்த நீதியைத் தள்ளிவிட்டு வரவில்லை, அதற்குப் பக்கத்தில் நின்றது. எங்கள் சொந்தக்காரர்கள் கேட்டது சமரசம். அதற்கு மன்னிப்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

நாங்கள் வழக்கை விடவில்லை. கோர்ட்டில் நானும் சாட்சி சொன்னேன். அப்புறம் கொஞ்ச காலம் கழித்து, ஜெபமாலை சொல்லும்போது அந்த ஓட்டுநருக்காகவும் வேண்ட ஆரம்பித்தேன். முதலில் கடமைக்குத்தான். இப்போது அப்படி இல்லை. அவருக்கும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் குடியை விட்டுவிட வேண்டும் என்று மனதார வேண்டுகிறேன்.

அம்மாவை ஒரு தடவை புல்லுவழிக்குக் கூட்டிப் போக ஆசை. கேட்டேன், இன்னும் சரி என்று சொல்லவில்லை. நான் வற்புறுத்தவில்லை.