இரண்டு வயதில் எவ்வளவு நேரம் கவனம் நிற்கும்?

கேள்வி: என் மகனுக்கு 2 வயது 3 மாதம். எந்தப் பொம்மையைக் கொடுத்தாலும் இரண்டு நிமிடத்தில் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறான். கதைப் புத்தகத்தை விரித்தால் நாலு பக்கம் படபடவென்று புரட்டிவிட்டு ஓடிவிடுகிறான். ஆனால் செல்போனில் கார்ட்டூன் போட்டுக் கொடுத்தால் ஒரு மணி நேரம்கூட அசையாமல் உட்காருகிறான். ஏ.டி.ஹெச்.டி. (கவனக்குறைவும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும் உள்ள கோளாறு) ஆக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. கவனத்தை அதிகரிக்க என்ன செய்யலாம்? டானிக் ஏதாவது கொடுக்கலாமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் பயப்பட எதுவும் இல்லை. ஒரு விளையாட்டில் குழந்தை தொடர்ந்து இருக்கும் நேரத்தைக் கணக்கிட, வயதை இரண்டு அல்லது மூன்றால் பெருக்கிப் பார்ப்பது வழக்கம். உங்கள் மகனுக்கு 4 முதல் 6 நிமிடம் வரும். இது தோராயக் கணக்குதான். பிடித்த விளையாட்டு என்றால் கால் மணி நேரம் போகும். நாம் திணித்தது என்றால் அரை நிமிடம்கூடத் தாங்காது. அதனால் முதலில் சரியாக அளந்து பாருங்கள். நன்றாகத் தூங்கி, சாப்பிட்ட பிறகு, அவனாகவே எடுத்த பொருளோடு இருக்கும்போது சற்றுத் தள்ளி உட்கார்ந்து கடிகாரத்தைப் பாருங்கள். நடுவில் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்துவிட்டு மறுபடி விளையாட்டுக்குத் திரும்பினால் அது கவனச் சிதறல் இல்லை. நேரத்தைத் தொடர்ந்து எண்ணுங்கள். ஒரு வாரத்தில் நாலைந்து முறை இப்படிக் குறித்தால் உண்மை நிலவரம் தெரியும். பெரும்பாலான பெற்றோர் நினைப்பதைவிட அதிகமாகத்தான் இருக்கும்.

செல்போன் முன் உட்காரும் ஒரு மணி நேரத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. திரையில் சில நொடிக்கு ஒருமுறை காட்சி மாறுகிறது, புதுச் சத்தம் வருகிறது. ஒவ்வொரு மாற்றமும் அவன் பார்வையை வெளியிலிருந்து பிடித்து இழுக்கிறது. அவன் எதையும் முயல வேண்டியதில்லை. கட்டைகளை அடுக்கும்போது நடப்பது நேர் எதிர். அடுத்து எதை வைப்பது என்பதை மனதில் நிறுத்தி, விழுந்தால் திரும்ப எடுத்து, கையை அடக்கி வைக்க வேண்டும். நாம் வளர்க்க வேண்டியது இந்த இரண்டாவது வகைக் கவனத்தை. அதற்கான முன்மூளைப் பகுதி இந்த வயதில் வளர்ச்சியின் ஆரம்பக் கட்டத்தில்தான் இருக்கிறது.

வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு, குழந்தை கவனமாக இருக்கும் நேரத்தில் பெரியவர்களே கலைப்பது. ஒரு டப்பாவுக்கு மூடி போட முயலும் குழந்தையைப் பாருங்கள். தலைகீழாக வைக்கிறது, அழுத்துகிறது, வழுக்குகிறது, திருப்புகிறது, மறுபடி அழுத்துகிறது. உதடு குவிந்திருக்கும், மூச்சுகூட மெதுவாக இருக்கும். அந்த நேரத்தில்தான் நாம் போய் "இது என்ன கலர் சொல்லு" என்போம், மூக்கைத் துடைப்போம், இல்லையென்றால் மூடியை வாங்கி நாமே போட்டுக் கொடுத்துவிடுவோம். வேலை முடிந்துவிட்டது, குழந்தை எழுந்து போய்விடும். பிறகு "எதிலும் நிலைக்க மாட்டேன் என்கிறான்" என்று வருத்தப்படுகிறோம்.

அவன் திணறும்போது உதவப் போகும் முன் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். உதவி கேட்டால் பாதி மட்டும் செய்யுங்கள்: மூடியைச் சரியான பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அழுத்தும் வேலையை அவனுக்கு விடுங்கள். சாப்பிடவோ வெளியே போகவோ கூப்பிட வேண்டுமென்றால் "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பது அவனுக்குப் புரியாது. "இன்னும் மூணு கட்டை வச்சிட்டுப் போகலாம்" என்றால் புரியும்.

யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் டிவியையும் நிறுத்துங்கள். 1, 2, 3 வயதுக் குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2008-ல் வெளியான ஆய்வில், பெரியவர்களுக்கான நிகழ்ச்சி பின்னணியில் ஓடியபோது குழந்தைகள் அதை எப்போதாவதுதான் திரும்பிப் பார்த்தார்கள். அப்படியும் ஒவ்வொரு விளையாட்டிலும் அவர்கள் நிலைத்த நேரம் குறைந்தது.

அடுத்தது பொம்மைகளின் எண்ணிக்கை. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் ஒன்றரை முதல் இரண்டரை வயதுக் குழந்தைகளிடம் ஒருமுறை 4 பொம்மைகளும், இன்னொருமுறை 16 பொம்மைகளும் கொடுத்துப் பார்த்தார்கள். நாலு இருந்தபோது ஒவ்வொன்றோடும் கூடுதல் நேரம், கூடுதல் விதங்களில் விளையாடினார்கள். ஆகவே கண்ணில் படும்படி நாலைந்தை மட்டும் வையுங்கள். மீதியை எடுத்து வைத்துவிட்டு வாரம் ஒருமுறை மாற்றுங்கள். பட்டனை அமுக்கினால் பாட்டுப் பாடும் பொம்மைகளைவிட, ஒரு முடிவு உள்ளவை நல்லது: ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணங்கள், வடிவத்துக்கேற்ற துளையில் போடும் பெட்டி, 3 அல்லது 4 துண்டுப் புதிர், ஆறேழு பெரிய கட்டைகள். விதை, மணி, பொத்தான் போன்றவற்றைக் கிண்ணத்துக்குக் கிண்ணம் மாற்றும் விளையாட்டு 3 வயதுக்குள் வேண்டாம். டாய்லெட் பேப்பர் சுருளின் நடுக்குழாய்க்குள் நுழையும் எந்தப் பொருளும் தொண்டையில் அடைக்கக்கூடியது. பட்டன் பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாயையும், சிறு காந்தங்களை விழுங்கினால் குடலையும் துளைத்துவிடும். அவை அவன் கைக்கு எட்டவே கூடாது.

தினமும் இரண்டு வேளை, பத்துப் பத்து நிமிடம் அவனோடு தரையில் உட்காருங்கள். உங்கள் செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். நீங்கள் காட்டுவதை அவன் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்காமல், அவன் பார்ப்பதை நீங்கள் பாருங்கள். பெற்றோரும் அதே பொருளைப் பார்க்கும்போது குழந்தையின் பார்வை அதில் நீடிக்கிறது, பெற்றோர் பார்வையை எடுத்த பிறகும் தொடர்கிறது என்பதை, ஒரு வயதுக் குழந்தைகளின் கண் அசைவுகளைப் பதிவுசெய்த இண்டியானா பல்கலைக்கழக ஆய்வு 2016-ல் காட்டியது. கேள்விகளைக் குறைத்து, நடப்பதைச் சொல்லுங்கள்: "பெரிய கிண்ணம் கீழே போச்சு." அவன் மூழ்கிவிட்டால் அந்தப் பேச்சையும் நிறுத்திவிடுங்கள்.

குழந்தைகள் ஒன்றை விட்டு எழுவது பெரும்பாலும் அது மிகக் கடினமாகவோ மிகச் சுலபமாகவோ இருக்கும்போதுதான். கடினமானதைப் பின்னாலிருந்து பழக்குங்கள். 4 துண்டுப் புதிரில் மூன்றை நீங்கள் வைத்து, கடைசித் துண்டை அவனிடம் கொடுங்கள். அது சுலபமாக வந்ததும் இரண்டு துண்டு, பிறகு மூன்று. ஒவ்வொரு முறையும் முடித்த சந்தோஷம் அவனுக்குக் கிடைக்கும். எழுந்து போகப் பார்த்தால் "இது ஒண்ணை மட்டும் வச்சிட்டுப் போ" என்று ஒரே ஒருமுறை சொல்லலாம். வைத்துவிட்டு ஓடினால் விட்டுவிடுங்கள். கையைப் பிடித்து உட்காரவைத்தால் அந்த விளையாட்டின் மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

புத்தகத்திலும் இதே வழிதான். பக்கத்துக்கு ஒரு வாக்கியம் போதும். புரட்டுவது அவன் வேலை. அதே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலிக்காமல் படியுங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்த கதையில்தான் குழந்தை கடைசிவரை இருக்கும்.

திரைக்கு உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன அளவு: 2 வயதுக்குள் வேண்டாம், அதன்பின் 5 வயது ஆகும்வரை நாளுக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம், குறைந்தால் இன்னும் நல்லது. முதலில் சாப்பாட்டு நேரத்திலும் தூங்கும் முன்பும் எடுத்துவிடுங்கள். முதல் சில நாள் அழுகை முன்பைவிட அதிகமாகும். அந்த உச்சத்தில் இரக்கப்பட்டுக் கொடுத்துவிட்டால், எவ்வளவு அழுதால் கிடைக்கும் என்பதைத்தான் அவன் கற்றுக்கொள்வான். வீட்டில் எல்லோரும் ஒரே முடிவில் நில்லுங்கள்.

தூக்கமும் ஓட்டமும் இல்லாமல் இவை எதுவும் பலிக்காது. பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் இந்த வயதுக்கு வேண்டும். நாள் முழுதும் பரவலாக மொத்தம் 3 மணி நேரம் ஓடியாட வேண்டும். உட்கார்ந்து செய்யும் விளையாட்டை ஓடி முடித்த பிறகு வையுங்கள்.

ஏ.டி.ஹெச்.டி. என்று 2 வயதில் முடிவு கட்ட முடியாது. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகத்தின் வழிகாட்டுதல் 4 வயதிலிருந்துதான் அதற்கான மதிப்பீட்டைச் சொல்கிறது. கவனத்துக்கென்று விற்கப்படும் டானிக் எதுவும் வேண்டாம். ஆனால் இரும்புச்சத்துக் குறைவு உண்மையிலேயே கவனத்தைப் பாதிக்கும். நாளுக்கு 500 மில்லிக்கு மேல் பால் குடித்து, சாப்பாடு குறைவாக எடுக்கும் குழந்தைகளுக்கு இது சகஜம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழ் வந்தால், எடைக்கேற்ற அளவில் இரும்புச்சத்து மருந்தை மருத்துவர்தான் எழுதித்தர வேண்டும். நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், அளவு கூடினால் ஆபத்து.

கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாமல் குழந்தைநல மருத்துவரைப் பாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பலமுறை திரும்புவதில்லை. வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவதில்லை. "அம்மா வா" போல இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை. முன்பு பேசிய சொற்கள் நின்றுபோய்விட்டன. தினமும் குறட்டை விட்டு, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். அடிக்கடி சளியும் காதுவலியும் வருகிறது. நடுக்காதில் நீர் தேங்கியிருந்தால் காது மந்தமாகி, கவனமில்லாத குழந்தை போலவே தோன்றும். ஆகவே செவித்திறன் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். போகும்போது வீட்டில் அவன் தனியாக விளையாடுவதையும், நீங்கள் கூப்பிடும்போது என்ன செய்கிறான் என்பதையும் இரண்டு மூன்று நிமிட வீடியோவாக எடுத்துப் போங்கள். புது இடத்தில், அழுதுகொண்டே இருக்கும் பத்து நிமிடத்தில் தெரியாதது அதில் தெரியும்.