மஞ்சள் பட்ஜி கடிக்குமா?

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டில் இரண்டு பட்ஜிகள், அதாவது கூண்டில் வளர்க்கும் சின்னக் கிளிகள், இருக்கின்றன. ஒன்று நீல நிறத்தில் சின்னது, பெயர் மிட்டாய். மற்றது 'இங்கிலீஷ் பட்ஜி' என்று சொல்லித் தந்த பெரிய பச்சை. அதற்குப் பையன் குண்டன் என்று பெயர் வைத்துவிட்டான். மிட்டாய் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. குண்டன் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும். இந்த வாரம் இன்னும் அமைதியாகிவிட்டது, பகலிலேயே கண்ணை மூடிக்கொள்கிறது. அந்த வகைக்கே அதுதான் குணம் என்கிறார் என் அக்கா.

நீலம் நன்றாகப் பேசும், மஞ்சள் கடிக்கும், வெள்ளை மந்தம் என்று அக்காவிடம் ஒரு பட்டியலே உண்டு. பையனோ மூன்றாவதாக ஒரு மஞ்சள்தான் வேண்டும், அது பேசவும் வேண்டும் என்கிறான். அக்காவின் பட்டியலை எவ்வளவு தூரம் நம்பலாம்?

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் குண்டன். மற்றதெல்லாம் அப்புறம்.

இங்கிலீஷ் பட்ஜி அமைதியானது என்று உங்கள் அக்கா சொல்வது சரிதான். ஆனால் பகலில் கண்ணை மூடிக்கொண்டிருப்பது அந்த அமைதியில் சேராது, அதுவும் 'இந்த வாரம் இன்னும்' என்று நீங்களே எழுதியிருக்கும்போது. பட்ஜி முடிந்தவரை நோயை மறைக்கும். கூட்டத்தில் சோர்ந்திருப்பதுதான் வேட்டைப் பறவையின் கண்ணில் முதலில் படும் என்பதால் வந்த பழக்கம் அது. நம் கண்ணுக்குத் தெரியும்போது நோய் பல நேரம் முற்றியிருக்கும். இறகை உப்பிக்கொண்டு, இரண்டு காலையும் ஊன்றியபடியே தூங்குகிறதா என்று பாருங்கள். நலமாக இருக்கும் பட்ஜி பெரும்பாலும் ஒரு காலை வயிற்று இறகுக்குள் இழுத்துக்கொண்டுதான் தூங்கும், அதற்கு முன் அலகை நறநறவென்று அரைக்கும். மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஆடினால் அவசரம். ஆடாவிட்டாலும், பறவைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டிவிடுங்கள். அதன் குணத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

சரி, அந்த அமைதி எங்கிருந்து வந்தது? மிட்டாயும் குண்டனும் ஒரே இனம்தான். ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதிகளில் தண்ணீரையும் புல்விதையையும் தேடிக் கூட்டம் கூட்டமாக அலையும் சின்னப் பச்சைக் கிளி அது. 1840இல் ஜான் கூல்ட் என்ற பறவை ஆய்வாளர் சில பட்ஜிகளை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அங்கே கூண்டில் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். பிறகு போட்டி வந்தது. 1925இல் அதற்கென்று ஒரு சங்கமே தொடங்கிவிட்டார்கள். பெரிய தலை, அகன்ற தோள், முகத்தை மூடும் இறகு என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தார்கள். அப்படி வந்ததுதான் இங்கிலீஷ் பட்ஜி.

அந்தப் போட்டிகளில் நடுவர் முன்னால் சின்னக் கூண்டுக்குள் பறவை நிமிர்ந்து அசையாமல் நிற்க வேண்டும். கம்பிக்குக் கம்பி தாவுகிற பறவைக்குப் பரிசு ஏது? ஆகவே தலையோடு சேர்த்து நிதானத்தையும் பொறுக்கியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். உடம்புக்கும் இதில் பங்கு உண்டு. காட்டுப் பட்ஜி 30 கிராம் சுமார்தான். இங்கிலீஷ் பட்ஜி 50 கிராமையும் தாண்டும். அந்த எடையைத் தூக்கிக்கொண்டு பறப்பதற்கு அதற்கே யோசனையாக இருக்கும். குண்டன் கிளையில் வந்து இறங்கும்போது 'தொப்' என்று சத்தம் கேட்டிருக்குமே? நெற்றி இறகு கண்மேல் விழுவதால் சிலவற்றுக்கு முன்னால் இருப்பதைப் பார்க்கவே தலையைச் சாய்க்க வேண்டியிருக்கிறது. நாம் 'சாது' என்கிறோம். பாதி நேரம் அதற்குச் சரியாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். அழகுக்காக ஒரு பறவையின் பார்வையை மறைப்பது எனக்குப் பிடித்த காரியமில்லை. இந்த வகைக்கு ஆயுளும் பொதுவாகக் குறைவு.

மிட்டாயின் துறுதுறுப்புக்கு இவ்வளவு விளக்கம் தேவையில்லை. அது காட்டுப் பட்ஜிக்கு நெருக்கமான உடம்பு. நிழல் ஆடினாலும் பறந்துவிடும், உடனே திரும்பி வந்து என்ன நடந்தது என்றும் பார்க்கும். ஒன்று செய்யுங்கள்: இரண்டுக்கும் தனித்தனித் தீனிக் கிண்ணம் வையுங்கள். வேகமானது சாப்பிட்டு முடிக்கும்வரை நிதானமானது பார்த்துக்கொண்டே நிற்கும்.

இனி நிறம். நீலத்துக்கும் பேச்சுக்கும் சம்பந்தமில்லை. இறகில் மஞ்சள் நிறமி உண்டாகாமல் போனால் பச்சைப் பட்ஜி நீலமாகிவிடுகிறது. ஒரே ஒரு மரபணு உண்டாக்கும் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதால் வந்தது அது என்று 2017இல் கண்டுபிடித்தார்கள். பேச்சை முடிவு செய்வது பெரும்பாலும் ஆணா பெண்ணா என்பதுதான். ஜோடி சேரும்போது ஆண், பெண்ணின் அழைப்புக் குரலைக் கற்றுக்கொண்டு அதே மாதிரி கூப்பிடத் தொடங்கும். தனியாக வளரும் ஆணுக்கு நாம்தான் ஜோடி, ஆகவே நம் குரலைப் பிடித்துக்கொள்கிறது. கலிபோர்னியாவில் பக் என்ற பட்ஜி 1,728 சொற்கள் பேசியதாக கின்னஸில் பதிவாகியிருக்கிறது. அதுவும் ஆண்தான். பெண் பேசாமலே போய்விடும் என்றில்லை, ஆனால் பேசும் பெண்கள் குறைவு. பெண்ணின் ஆர்வம் வேறு. காகிதத்தைக் கிழிக்கும், மரத்தைக் கடித்துக் குடையும், இருட்டான மூலை கிடைத்தால் கூடாக்கப் பார்க்கும். அந்த நாட்களில் கையை நீட்டினால் ரத்தம் வரக் கடிக்கும்.

மஞ்சள் விஷயத்தில்தான் உங்கள் அக்காவை நான் அப்படியே தள்ளிவிட மாட்டேன். சிவப்புக் கண்ணுள்ள மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் காரணம் ஒரே மரபணு மாற்றம். அது கருப்பு நிறமியை நிறுத்திவிடுகிறது. பச்சைப் பட்ஜியில் அது வந்தால் மஞ்சள், நீலத்தில் வந்தால் வெள்ளை. அந்த மரபணு, ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்யும் பால் குரோமோசோமில் இருக்கிறது. பறவைகளில் அந்தக் குரோமோசோம் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்றுதான். ஆண் மஞ்சளாக வேண்டுமானால் இரண்டிலும் அந்த மாற்றம் இருக்க வேண்டும்; பெண்ணுக்கு ஒன்றே போதும். இப்படிப்பட்ட மஞ்சள் ஆணைச் சாதாரணப் பச்சைப் பெண்ணோடு சேர்த்தால் பிறக்கும் மஞ்சள் குஞ்சுகள் அத்தனையும் பெண்ணாகத்தான் இருக்கும். ஆக, மஞ்சளில் பெண்கள் அதிகம். பெண் கடிக்கும், பேசாது. பழி மஞ்சளுக்கு! அக்கா பார்த்தது பொய்யில்லை, காரணம்தான் வேறாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

'வெள்ளை மந்தம்' என்பதிலும் ஏதோ கொஞ்சம் இருக்கிறது. கண்ணில் கருப்பு நிறமி இல்லாததால் அதிக வெளிச்சம் அதற்குக் கூசும். ஜன்னலோரக் கூண்டில் அது ஒதுங்கியே உட்கார்ந்திருந்தால், கூண்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துப் பார்க்கலாம்.

பையனுக்கு மஞ்சள்தான் வேண்டுமென்றால் வாங்கிக் கொடுங்கள். ஆனால் ஆண் குஞ்சாகப் பாருங்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அலகுக்கு மேலே மூக்குத் துளைகள் இருக்கும் சதை, வளர்ந்த ஆணுக்கு நீலமாகும் என்பார்கள். சிவப்புக் கண் மஞ்சளில் அப்படி ஆகாது, வளர்ந்த பிறகும் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்தாற்போலவே இருக்கும். துளைகளைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் பெண்ணாக இருக்கும் வாய்ப்பு அதிகம். மற்ற நிறங்களில் நெற்றிக் கோடுகள் அலகுவரை இறங்கியிருப்பதை வைத்து மூன்று நான்கு மாதத்துக்கு உட்பட்ட குஞ்சு என்று சொல்லிவிடலாம். மஞ்சளில் அந்தக் கோடுகளே தெரியாது. அதனால் பறவையை வளர்த்தவரிடமே கேட்பதுதான் நல்லது. கூண்டிலிருந்து பிடிக்கும்போது எவ்வளவு மிரள்கிறது, கையால் பழக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அது உங்கள் கைக்கு வருமா என்பதற்கு நிறத்தைவிட இது பெரிய அடையாளம்.

இன்னொன்று, மூன்றும் ஒரே கூண்டில் இருந்தால் அவை தங்களுக்குள்தான் பேசிக்கொள்ளும், பையனோடு பேசுவது குறையும். எப்படியும் குண்டனுக்கு என்ன என்று தெரியும்வரை புதிய பறவை வேண்டாம். வந்த பிறகும் முதல் சில வாரங்கள் அதை வேறு அறையில்தான் வைக்க வேண்டும்.

அன்புடன்.