நல்லது சொல்ல ஒன்றுமில்லாத வருடம்

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, குடும்ப ஜெபம் முடிந்ததும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, அந்த வருடம் எப்படிப் போனது என்று ஆளுக்குக் கொஞ்சம் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். மாமனார் ஆரம்பித்து வைத்தது. இந்த வருடம் மார்ச்சில் என் கணவருக்கு வேலை போய்விட்டது. இன்னும் எதுவும் அமையவில்லை. ஆகஸ்டில் மாமியார் இறந்துபோனார். அவர் கையால் குறித்துவைத்த காலண்டரைக்கூட நாங்கள் இன்னும் கழற்றவில்லை. கல்லூரியில் படிக்கும் மகளுக்கு இரண்டு பேப்பர் அரியர், தாத்தாவுக்குத் தெரியாது. கொழுந்தனார் குடும்பத்துக்கோ பதவி உயர்வு, சொந்த வீடு என்று எல்லாம் கூடிவந்த வருடம். “நான் வந்து உட்கார மாட்டேன், நீங்களே நடத்திக்கொள்ளுங்கள்” என்கிறார் கணவர். “அவள் இருந்தவரை ஒரு வருடமும் விட்டதில்லை” என்கிறார் மாமனார். நல்லதை மட்டும் பேசுவோம், அழுகை வேண்டாம் என்கிறாள் ஓரகத்தி. உறவினர்களுக்கு வருடாவருடம் போகும் கிறிஸ்துமஸ் கடிதத்தை எழுதுவதும் நான்தான். பேசாமல் எல்லாவற்றையும் இந்த வருடம் விட்டுவிடலாமா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விட வேண்டாம். ஆனால் வழக்கம்போல நடத்தவும் வேண்டாம்.

முதலில் உங்கள் கணவர். அவருக்குப் பயம் கூட்டத்தைப் பார்த்து அல்ல, தன் முறை வருவதைப் பார்த்து. வட்டமாக உட்கார்ந்து வரிசையாகப் பேசுவதில் ஒரு தொல்லை இருக்கிறது. நல்ல வருடத்தில் அது சாட்சி சொல்வது போல இருக்கும். கெட்ட வருடத்தில் மார்க் ஷீட்டை நீட்டுவது போல ஆகிவிடும். தம்பி வீடு கட்டியதைச் சொல்லி முடித்த அடுத்த நிமிடம் எல்லார் கண்ணும் அண்ணன் பக்கம் திரும்பினால், அவர் என்னதான் செய்வார்?

ஆகவே அந்த வரிசையை எடுத்துவிடுங்கள். பேச நினைப்பவர் பேசட்டும், எந்த ஒழுங்கிலும். கணவரிடம் முன்கூட்டியே, நீங்கள் இருவரும் தனியாக இருக்கும்போது, இரண்டு வாக்குக் கொடுங்கள். ஒன்று, யாரும் அவரைப் பேசச் சொல்ல மாட்டார்கள். இன்னொன்று இதைவிட முக்கியம்: அவருக்காக வேறு யாரும் பேசவும் மாட்டார்கள், நீங்கள் உட்பட. “பாவம், இவரும் எவ்வளவோ முயற்சி பண்ணுகிறார்” என்று மனைவி அன்பாகச் சொல்லும் ஒரு வரி போதும், மனிதர் அதோடு எழுந்து போய்விடுவார். ஜெபத்தையும் சேர்த்தே சொல்கிறேன். “வேலையில்லாமல் தவிக்கிற என் மகனை நினைத்தருளும்” என்று பெரியவர் எல்லார் முன்னாலும் சத்தமாக ஜெபித்தால், அது கடவுளுக்குப் போகிற வழியில் அந்த அறையில் இருக்கிற எல்லார் காதிலும் விழுந்துவிட்டுத்தான் போகும். பிள்ளைகள் எல்லோருக்காகவும் பொதுவாக ஜெபிக்கும்படி மாமனாரிடம் நீங்கள் பக்குவமாகச் சொல்லலாம்.

வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவர் விசுவாசத்தில் குறைந்தவர் என்று யாராவது நினைத்தால், லூக்கா எழுதிய கிறிஸ்து பிறப்புச் சம்பவத்தையே எடுத்துக்காட்டுங்கள். மேய்ப்பர்கள் தாங்கள் கேட்டதைக் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறார்கள். மரியாளோ அத்தனையையும் மனதுக்குள் வைத்துக்கொண்டு யோசிக்கிறாள். ஒரே ராத்திரி, இரண்டு விதமான மனிதர்கள். இருவரில் யாரையும் லூக்கா குறை சொல்லவில்லை. அந்தக் குடும்பத்துக்கும் அது ஒன்றும் சுகமான வருடம் இல்லை. குடிமதிப்புக்காகப் பிரயாணம், தங்க இடமில்லை, அப்புறம் மத்தேயு சொல்கிறபடி ஏரோதுக்குப் பயந்து எகிப்துக்கு ஓட்டம்.

பேசாமல் உட்கார்ந்திருந்தால் பொழுது எப்படிப் போகும் என்று கேட்பீர்கள். பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அந்தக் காலண்டரைக் கழற்றி நடுவில் வையுங்கள். ஜனவரியிலிருந்து ஒவ்வொரு தாளாகத் திருப்புங்கள். ஒரு கட்டத்தில் டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம், இன்னொன்றில் பேத்தி பிறந்தநாள், யாருக்கோ கொடுத்த கைமாற்று, மூலையில் ஒரு போன் நம்பர், அது யாருடையது என்று ஒருவருக்கும் ஞாபகம் வராது. அதைப் பற்றியே கொஞ்ச நேரம் பேச்சு ஓடும். ஆகஸ்ட் தாளில் ஒரு தேதியோடு கையெழுத்து நின்றுவிடும். அங்கே அழுகை வந்தால் வரட்டும்.

போனில் இருக்கும் புகைப்படங்களை வைத்து இதைச் செய்துவிடலாம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். வேண்டாம். நாம் உடுத்திச் சிரித்த நாட்கள்தான் அதில் இருக்கும்.

காலண்டருக்கு இவ்வளவு வக்காலத்து வாங்க ஒரு காரணம் உண்டு. டேனியல் கானமன் என்ற உளவியலாளர், பொருளாதாரத்துக்காக 2002-இல் நோபல் வாங்கியவர், டொனால்ட் ரெடல்மயர் என்ற மருத்துவரோடு சேர்ந்து செய்த ஓர் ஆய்வு 1996-இல் வெளிவந்தது. வலிமிகுந்த பரிசோதனைகளுக்கு உட்பட்ட நோயாளிகளிடம், பின்னால் அதை எப்படி நினைவு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார்கள். பரிசோதனை எவ்வளவு நேரம் நீடித்தது என்பது அநேகமாகக் கணக்கிலேயே வரவில்லை. வலி உச்சத்தில் இருந்த கணமும் கடைசிச் சில நிமிடங்களும்தான் நினைவைத் தீர்மானித்தன. உங்கள் வருடத்துக்கும் இப்படித்தான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். மார்ச்சும் ஆகஸ்டும் உச்சம், வேலையில்லாத டிசம்பர் கடைசி. நடுவில் இருந்த ஏப்ரல், ஜூன், அக்டோபர் எல்லாம் எங்கே போயின? அவை சந்தோஷமான மாதங்களாக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. சும்மா இருந்த மாதங்களாக இருந்தாலும் அவையும் உங்கள் வருடம்தான்.

ஓரகத்தி சொல்கிற “நல்லது மட்டும்” எனக்கு ஒப்பவில்லை. மனைவியை இழந்த மனிதர் அந்த விதிக்குள் எங்கே உட்காருவார்? ஆனால் ஓரகத்திமேல் கோபம் வேண்டாம். தங்களுக்கு வாய்த்த நல்லதைச் சொன்னால் பெருமையடிப்பதாகத் தோன்றுமோ என்ற கூச்சம்கூட அதற்குள் இருக்கலாம். புது வீட்டைப் பற்றி அவர்கள் தாராளமாகச் சொல்லட்டும். உங்கள் கணவர் இருக்கிறார் என்பதற்காக அதை மறைத்தால்தான் அவருக்கு அவமானம்.

மகளின் அரியர் அவளுடைய விஷயம். நீ சொல்லாதவரை நான் சொல்ல மாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். அதே சமயம், தாத்தா காதில் விழும்படி “நன்றாகப் படிக்கிறாள்” என்றும் சொல்லாதீர்கள். நாளைக்கு அவள் உண்மையைச் சொல்லும்போது உங்கள் பொய்யையும் சேர்த்து அவள்தான் சுமக்க வேண்டும்.

இனி கடிதம். 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை அச்சடித்ததே, அத்தனை பேருக்கும் கடிதம் எழுத நேரமில்லாமல்தான். எழுத மனம் வராவிட்டால் நீங்களும் அட்டையோடு நிறுத்திக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள். எழுதுவதானால், வருடம் கஷ்டமாக இருந்தது என்பதை ஒளிக்காதீர்கள். இரண்டாம் எலிசபெத் ராணிக்கு 1992 அப்படி ஒரு வருடம். பிள்ளைகளின் மணவாழ்க்கை ஒவ்வொன்றாக உடைந்தது, நவம்பர் 20-ஆம் தேதி வின்ட்சர் கோட்டை தீப்பிடித்தது. நான்கு நாள் கழித்துப் பேசிய உரையில், திரும்பிப் பார்த்து மகிழக்கூடிய வருடம் இல்லை இது என்று வெளிப்படையாகவே சொன்னார். பிள்ளைகளின் மணவாழ்க்கை பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. அந்த அளவு உங்களுக்கும் பொருந்தும்: “இது எங்களுக்குக் கடினமான வருடம். ஆகஸ்டில் அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். வேறு சில பாரங்களும் உண்டு, ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.” அதன்பின் மாமியாரைப் பற்றி இரண்டு வரி. போதும்.

வேலை போன செய்தியைச் சேர்ப்பதா என்பதை உங்கள் கணவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் யோசிக்கும்போது ஒன்றை மட்டும் அவர் காதில் போட்டுவையுங்கள். வேலை மாறியவர்களிடம் மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் விசாரித்து 1973-இல் எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலோருக்கு அது நெருங்கியவர்கள் மூலம் வரவில்லை, எப்போதாவது பார்க்கிறவர்கள் மூலமே வந்தது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிந்ததுதானே! கிறிஸ்துமஸ் கடிதம் போவது பெரும்பாலும் அந்த ‘எப்போதாவது’ ஆட்களுக்குத்தான். அவர் சரி என்றால் அந்த ஒரு வரியை அவரே எழுதட்டும், இரக்கம் கேட்பதாக இல்லாமல், என்ன வேலை தெரியும், எப்படிப்பட்ட இடம் தேடுகிறார் என்று.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் வந்து உட்காரவில்லை என்றால், அழைத்துவரப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். காலண்டர் வீட்டில்தானே இருக்கப்போகிறது, அவர் வேறொரு நாள் பார்த்துக்கொள்வார்.

கடைசியாக மாமனார். இந்த வருடம் அதிகம் இழந்தவர் அவர்தான், இந்த வழக்கத்துக்குச் சொந்தக்காரரும் அவர்தான். காலண்டரை அவர் கையிலேயே கொடுத்து, அத்தையைப் பற்றி நீங்களே ஆரம்பியுங்கள் மாமா என்று சொல்லுங்கள். எவ்வளவு நேரம் பேசினாலும் பேசட்டும். சாப்பாடு ஆறிப்போனால் சூடுபண்ணிக்கொள்ளலாம்.